சிக் ரூமில் காலம் தள்ளுவது எப்படி?

தனியார் பள்ளியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் கையில் ஒரு சாவி தருவார்கள். அது மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையைத் திறக்கும். உள்ளே ஒரு கட்டில், ஒரு எடை மெஷின், போன ஆண்டு விழாவில் ஆடிய ஒரு தெர்மகோல் மயில். மயிலை அப்புறப்படுத்த மெனக்கெடாதீர்கள். நான் பதினோரு வருடமாக முயற்சி செய்கிறேன். மயில் போனால் அறிவியல் கண்காட்சி ராக்கெட் வந்து நிற்கும்.

அடுத்து, ஸ்டாஃப் ரூமில் பேசும் முறை. "உங்களுக்கென்ன சிஸ்டர், ஃபேனுக்கடியில உக்காந்திருக்கிற வேலை" என்பார்கள். "ஆமாங்க மிஸ்" என்று சொல்லிவிட வேண்டும். மறுத்துப் பேசினால் உங்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசித்தால் ஏழாம் வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷன், பரீட்சை ஹாலுக்குக் காவல், சாயங்காலம் வேன் டியூட்டி. வராண்டாவில் நடக்கும்போதெல்லாம் கையில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். வெறுங்கையோடு போகும் நர்ஸ் எல்லார் கண்ணிலும் படுவாள்.

நோயறியும் கலைக்கு வருவோம். காலேஜில் ஸ்டெதஸ்கோப் வாங்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே முதலில் வாங்கி ஒட்ட வேண்டியது டைம்டேபிள். ஆறாம் வகுப்பு ஏ பிரிவுக்கு மூன்றாவது பீரியட் கணக்கு என்றால், இரண்டாவது பெல்லுக்கு வயிற்றுவலி வந்துவிடும். "எங்கடா வலிக்குது?" என்று கேட்டால் வயிறு முழுக்கக் கையால் ஒரு வட்டம் போடுவான். "சரி, ரெண்டு தடவை குதி பார்ப்போம்." குதித்துவிட்டு, "இப்ப கொஞ்சம் பரவால்ல மிஸ்" என்று அவனே சான்றிதழ் தருவான். குதிக்க மறுப்பவன் வந்தால்தான் உங்கள் வயிற்றைக் கலக்க வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கிய வலி, கூடவே வாந்தி, நிமிர்ந்து நடக்காத பிள்ளை என்றால் டைம்டேபிளை மறந்துவிட்டு, அப்பாவுக்கு போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எனக்கு அப்படி ஒரே ஒருவன் வந்தான். அவனும் கணக்கு பீரியடில்தான் வந்தான்.

காய்ச்சல்காரர்களை மோப்பம் பிடிக்கலாம். அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக எட்டாம் வகுப்புக்கு வந்து சேருகிறது. இதற்கெல்லாம் தெர்மாமீட்டர் மசிவதில்லை. 98.4 காட்டியது. வெங்காயச் சாம்பார் மணத்தோடு நின்ற பையன், "வேற தெர்மாமீட்டர் இல்லையா மிஸ்?" என்றான்.

பெற்றோருக்கு போன் செய்யும்போது "சிக் ரூம்ல இருந்து பேசுறேன்" என்று ஆரம்பிக்கவே கூடாது. மறுமுனையில் இன்னொரு நோயாளி உருவாகிவிடுவார். "பிள்ளை நல்லா இருக்கான்மா" என்பது முதல் வாக்கியம். "நான் ஆபீஸ்ல இருக்கேன் சிஸ்டர், ஒரு மாத்திரையக் குடுத்து கிளாஸ்ல உக்கார வைங்க" என்பார்கள். சாயங்காலம் அதே வீட்டிலிருந்து தாத்தா வந்து, "யாரைக் கேட்டு மாத்திரை குடுத்தீங்க?" என்பார். அதனால்தான் ஜூனிலேயே ஒப்புதல் படிவம், ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 300. "சின்னப் பிள்ளைன்னா அரை மாத்திரை" என்பது ஸ்டாஃப் ரூம் மருத்துவம்.

ஸ்டாஃப் ரூம் மருத்துவத்துக்குத் தனிப் புத்தகமே போடலாம். நீங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் சிகிச்சையை முடித்திருப்பார்கள். மூக்கில் ரத்தம் வரும் பிள்ளையின் தலையை அண்ணாந்து பிடித்திருப்பார் பி.டி. சார். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, பிள்ளை வாந்தி எடுத்து, எல்லாரும் அலறுவார்கள். குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்தால் அநேகமாக நின்றுவிடும். வலிப்பு வந்தால் வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தோடு தயாராக நிற்பார். அவரைத் திட்டாதீர்கள். "அண்ணே, இந்தச் சாவியால கேட்டைத் திறந்து வைங்க, வண்டி வந்தாலும் வரும்" என்று வேலை கொடுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

விழுந்த பல்லைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார்கள். வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. இது நிலைப்பல்லுக்கு மட்டும். ஒரு முறை கேன்டீன் அக்கா ஒன்றாம் வகுப்புப் பையனின் பால் பல்லை, டீக்கு வைத்திருந்த அரை லிட்டர் பாலில் போட்டுவிட்டார். அன்று ஸ்டாஃபுக்குக் கடுங்காப்பி.

பொன்னுக்கு வீங்கி வரும் வருடம் இன்னொரு பொறுப்பு சேரும். அரசு இலவசமாகப் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி. இதற்கு அதில் இடமில்லை. ஆகவே அவ்வப்போது வந்து போகும். கன்னம் வீங்கிய பிள்ளைக்குப் பாட்டி தன் இரண்டு பவுன் சங்கிலியைப் போட்டு அனுப்பிவைப்பார். அம்மா வந்து கூட்டிப் போகும்வரை பிள்ளையைப் பார்ப்பதா, சங்கிலியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

குடற்புழு மாத்திரை நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், கடித்து மென்று விழுங்க வேண்டும். அன்று பள்ளியில் யாருக்குத் தலை சுற்றினாலும், அது பிரின்சிபாலாகவே இருந்தாலும், காரணம் நீங்கள்தான்.

இனி, கையேட்டுக்குள் அடங்காத ஒருத்தி. ஐந்தாம் வகுப்பு, டைப் 1 சர்க்கரை. தினமும் சாப்பாட்டு பெல்லுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வருவாள். விரலைக் குத்திப் பார்ப்பாள், அளவை இன்சுலின் பேனாவில் திருகி என்னிடம் காட்டுவாள், வயிற்றில் தானே போட்டுக்கொள்வாள். அவ்வளவும் யாருடைய பென்சிலை யார் எடுத்தார்கள் என்ற கதையை நிறுத்தாமலே நடக்கும். ஒரு நாள் கதை சொல்லாமல் வந்தாள். விளையாட்டு பீரியட். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. "ரேஸ்ல தோத்துட்டா சிஸ்டர், அதான் நடிப்பு" என்று கூட வந்தவர் சொன்னார். பார்த்தால் 54. 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். "சுகர் பிள்ளைக்குச் சர்க்கரையே குடுக்கிறீங்களே!" என்றார் அவர். பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை நான் மயிலின் தோகையில் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றை எண்ணும்போது, "மிஸ், என் பென்சிலை எடுத்தது யார்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். அப்புறம் குத்திப் பார்த்தோம். 96.

பாராட்டு விஷயத்தில் எதிர்பார்ப்பே வைக்காதீர்கள். செப்டம்பர் 5 அன்று டீச்சர்களுக்கு ரோஜா, பேனா, சில வருடம் புடவை. செவிலியர் தினம் மே 12. கோடை விடுமுறை. நைட்டிங்கேல் அம்மையார் ஒரு மாதம் கழித்துப் பிறந்திருக்கலாம்.

கடைசியாக ரிஜிஸ்டர். "உபாதை" என்ற கட்டத்தில் அதிகம் வரும் சொல் சோர்வு. காலை பிரேயரில் சரிபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். வேன் 6.40க்கு வந்துவிடும், இட்லி அடுப்பில் இருக்கும், பிள்ளை வெறும் வயிற்றோடு ஏறியிருக்கும். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தபின் நாலு பிஸ்கட் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடும். ஆனால் மருந்துப் பட்டியலில் பிஸ்கட் இல்லை, ஆபீஸ் பில்லைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது தட்டில் பேண்டேஜ் டப்பாவுக்குப் பின்னால் பாருங்கள். எல்லாம் பஞ்சுக் கணக்கில் எழுதியது. போன மாதம் அக்கவுண்டன்ட் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார், "ஏன் சிஸ்டர், இவ்வளவு பஞ்சா ஆகுது?"

"பசங்க ரொம்ப விழுறாங்க சார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.