துருவுக்கு வந்த யோகம்

பதுளையில் பழைய இரும்பு வாங்கி விற்பவருக்கு ஒரு கொள்கை உண்டு: துரு ஏற ஏற விலை இறங்கும். "இருக்கிறதிலேயே மோசமாத் துருப்பிடிச்ச தகரம் வேணும்" என்று நான் கேட்டதும் கொள்கை தலைகீழானது. "தேடி வந்து கேக்கிறீங்கன்னா ஏதோ விசயம் இருக்கு" என்று விலையைக் கூட்டிவிட்டார்.

விசயம் இதுதான்: எங்கள் லயத்தைப் பற்றிக் கையால் ஒரு புத்தகம் செய்ய வேண்டும்; ஒரே ஒரு பிரதி. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களைக் கொண்டு 2011இல் ஓர் ஓவிய நூல் செய்தார். அங்கே இழந்த வீடு. இங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் சொந்தமாகாத லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கல்லாலும் செங்கல்லாலும் சிமெந்தாலும் கட்டியதால் அதன் தூண்களில் துருவுக்கு வேலையில்லை. லயத்துத் தகரக் கூரையில் அந்தக் குறை கிடையாது.

நனைத்த தாளைத் தகரத்தில் விரித்து, வினாகிரி தெளித்து, பொலித்தீனால் மூடி, மேலே அம்மியைத் தூக்கி வைத்தால் காலையில் கூரை வரிவரியாகத் தாளில் இறங்கியிருக்கும். அதன்மேல் கடுஞ்சாயத் தேத்தண்ணியைப் பூசினால், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கறுக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சாசனம் எழுதிய மையும் இதே சேர்க்கைதான். அவர்களுக்கு மாசிக்காய், நமக்கு ஊவாத் தேயிலை.

அம்மாவுக்கு இந்த இரசாயனம் பிடிக்கவில்லை. "நல்ல தூள அவன் கப்பல்ல ஏத்துறான். மிச்சத்த நீ தாளுக்கு ஊத்துற. நாங்க எதக் குடிக்கிறது?"

அடுத்தது நூல் வேலை. பிரான்சின் லியோன் நகரில் 1886–87இல் ஒரு ஜெபநூலையே பட்டில் நெய்தார்கள். துளையிட்ட அட்டைகள் சொன்னபடி தறி ஓடியது. அங்கே அட்டையில் துளை போட்டு நூலை ஓட்டினார்கள். இங்கே, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தகரத்தில் எண் குத்தி ஆளை ஓட்டினார்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் தொங்கிய தகரத்துண்டில் இருந்தவை எழுத்தும் எண்ணுமே, பெயரில்லை. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

எங்கள் கொள்ளுப்பாட்டியின் துண்டிலிருந்த எண்ணை அந்தத் துருத் தாளில் மோர்ஸ் குறியீட்டில் தைத்தேன். புள்ளிக்குக் குட்டைத் தையல், கோட்டுக்கு நெட்டைத் தையல். கடைசி இலக்கம் 3: மூன்று குட்டை, இரண்டு நெட்டை.

மறுநாள் அம்மா பெருமையோடு சொன்னார்: "கடைசியில தையல் கோணலா நீண்டு கெடந்திச்சு. பிரிச்சு ஒரே அளவாத் தச்சிட்டேன்."

ஐந்தும் குட்டையானால் மோர்ஸில் அது 5. கொள்ளுப்பாட்டி ஒரே இரவில் வேறு ஆளாகிவிட்டார். முழுப் பேரை (முழுநாள் கூலியை) அரைப் பேராக்கும் அதிகாரம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்குத்தான் உண்டு என்று இதுவரை நினைத்திருந்தேன்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படியொரு துண்டு கிடந்தால், துரு தின்னுமுன் எண்ணை எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அந்த ஆளின் பெயரையும் எழுதுங்கள். தைப்பதானால் மட்டும், முதலில் வீட்டு ஊசியை ஒளித்து வையுங்கள்.