அட்டைக்கு முந்திய வதிவு: தபால்பெட்டி குறித்த ஒரு சிற்றாய்வு

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை எப்போது கிடைக்கிறது? நிரந்தரவாசியாக நாட்டுக்குள் ஏற்கப்படும் லேண்டிங் முடிந்த அன்றே என்கிறது சட்டம். அதைப் பெற்றவரைக் கேட்டால், “இன்னும் கார்ட் வரேல்லை” என்பார். 2002 முதல் நீடிக்கும் இந்தக் கருத்து வேறுபாட்டை அறிஞர்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை. அவ்வாண்டு ஜூன் 28 அன்று புதிய குடிவரவுச் சட்டத்தோடு வந்த பிஆர் கார்ட், உரிமைக்கு வெறும் அத்தாட்சி. வழக்கமாக ஐந்து ஆண்டில் அது காலாவதியாகும், உரிமை ஆகாது. வெளிநாடு போனவர் திரும்பிவர விமானமோ பஸ்ஸோ ரயிலோ ஏறும்போதுதான் அதைக் கட்டாயம் கேட்பார்கள். ஆக, ஒருவர் கனடாவில் நிரந்தரமாக வசிக்கிறார் என்று காட்டும் அட்டை, அவர் அங்கே இல்லாதபோதுதான் உழைக்கிறது. ஒன்ராறியோவில் ஹெல்த் கார்டும் சின் எனும் சமூகக் காப்பீட்டு எண்ணும் எடுக்க அது வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் அட்டைக்குப் பதில் லேண்டிங் பேப்பரே செல்லும்.

பிறகு ஏன் ஊரே தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறது? வதிவைத் தருவது அட்டையன்று, அதற்கான காத்திருப்பே என்பது இவ்வாய்வின் துணிபு. சான்றுகளை அரசே தருகிறது. வந்து 180 நாளுக்குள் கனடிய முகவரி ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் அட்டைக்குத் தனி விண்ணப்பம், கூடவே 50 டாலர். வெளிநாட்டு முகவரிக்கு அட்டை போகாது. எனவே வாடகை வீடும் பெட்டிச் சாவியும் அட்டைக்கு முன்பே வந்துவிடுகின்றன. புதிய குடியிருப்புகளில் பெட்டி தெருமுனையில் இருக்கும். ஜனவரியில் அங்கே போய்வர பூட்ஸ், கோட், குல்லாய், கையுறை எல்லாம் வேண்டும். ஐந்து ஆண்டில் 730 நாள் நாட்டில் இருந்தால் அரசுக்குப் போதும். ஆயிரத்துச் சொச்சம் நாள் எங்கேயும் சுற்றலாம். பெட்டி அப்படி விடுமுறை தருவதில்லை. கடிதம் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வரும் என்று தெரிந்தும் ஞாயிறன்று திறந்து பார்ப்பவரே உண்மையான நிரந்தரவாசி. உரிமையைச் சோதிக்கும் அதிகாரி, பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணுவதை விட்டுச் சாவியின் தேய்மானத்தை அளக்கலாம்.

எத்தனை நாளாகும் என்று குடிவரவுத் துறையே இணையத்தில் சொல்கிறதே, பெட்டியைப் பார்ப்பது எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அங்கே சொல்வது பொதுக் கணக்கு. பொதுக் கணக்குக்கு அட்டை வருவதில்லை, ஆளுக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கைப் பார்ப்பவரும் பார்த்து முடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

வலுவான மறுப்பு ஒன்ராறியோவின் ஸ்கார்பரோ பேஸ்மென்ட்களிலிருந்து எழுகிறது. அங்கே பல வீடுகளில் சாவி மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம், கீழே இருப்பவர் “அண்ணை, ஏதும் வந்ததோ?” என்று படியேறிக் கேட்பதோடு சரி. நம் கோட்பாட்டின்படி, நாள்தோறும் பெட்டியைத் திறக்கும் வீட்டுக்காரருக்கே வதிவுரிமை சேரவேண்டும். இதை மறுக்க இயலாது. அவர் அநேகமாக முன்பே குடியுரிமை எடுத்துவிட்டவர் என்பதால், நடைமுறையில் சிக்கல் எழாது.