ஹோஸ் பைப்பில் ஆடிப்பெருக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ
10-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுறேன். அத்தானுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? ஜூன் 29-ஆம் தேதியே மேட்டூர் 120 அடி நிரம்பிட்டதுன்னு இவர் செய்தியில பார்த்துட்டு, அவரே அணை கட்டின மாதிரி ரெண்டு நாள் வீட்டுக்குள்ள நடந்தார். குறுவைக்கு மேலுரம் போட்டாச்சான்னு எழுது.

ஆடிப்பெருக்குக்கு என்ன பண்ணினேன்னு கேட்டிருந்தியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொன்னா நீ நடுவுல சிரிச்சே என் கதையைக் கெடுத்துடுவே.

இந்த ஊர்ல வெயில் காலம் வந்துட்டா ஜனங்களுக்கு வீட்டுக்குள்ள இருப்புக் கொள்ளாது. ஜூன் கடைசியில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் சனி, ஞாயிறு ஆனா யாராவது ஒருத்தர் வீட்டுக் கொல்லையில விருந்து. நாங்களும் எல்லா வீட்டுலயும் உட்கார்ந்து தின்னுட்டு வந்தாச்சு. செஞ்சோற்றுக் கடன்னு ஒண்ணு இருக்கே, கர்ணனுக்கே இருந்தது, எங்களுக்கு இருக்காதா? திருப்பிக் கூப்பிடணும்னு நான் சொன்னதும் இவர் கால்குலேட்டரை எடுத்தார். இப்பல்லாம் இங்கத் தமிழ் வீடுகள்ல யாரும் சமைக்கிறதில்ல. கடைக்கு போன் போட்டு அலுமினிய ட்ரேயில பிரியாணி, ட்ரேயில கொத்து, ட்ரேயில கட்லெட்னு இறக்கிடறாங்க. பார்க்கப் பெருமையாத்தான் இருக்கு, மறுமாசம் கிரெடிட் கார்டு பில்லு வர்ற வரைக்கும். “நூறு டாலர். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது”ன்னுட்டார் இவர். அதை 60-ஆல பெருக்கிப் பார்த்து மயக்கம் போட்டுடாதே. இங்க அது ஒரு நடுத்தரக் குடும்பத்தோட மளிகைச் செலவுல பாதிகூடக் காணாது.

என்னைக்கு வைக்கலாம்னு காலண்டரைப் பார்த்தா, ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமை லீவு. இந்த லீவுக்கு ஊருக்கு ஒரு பேரு. டொராண்டோவுல சிம்கோ நாள், ஹாமில்டன்ல ஜார்ஜ் ஹாமில்டன் நாள், ஒட்டாவாவுல கர்னல் பை நாள். ஏன் லீவுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. அதுக்கு முந்தின நாள் ஞாயிறு, ஆகஸ்ட் 3. ஆடி பதினெட்டு! திருவையாத்துல பிறந்தவளுக்கு இதுக்கு மேல ஜோசியம் பார்க்கணுமா?

செலவு கவலையும் அந்த நிமிஷமே போயிடுச்சு. புஷ்ய மண்டபப் படித்துறையில நாம என்ன ட்ரேயா இறக்கினோம்? நம்ம வீட்டுப் புளியோதரை, எதிர்வீட்டுத் தேங்காய்ச் சாதம், பெரியம்மா வீட்டு சர்க்கரைப் பொங்கல்னு ஆளுக்கொரு தூக்குல கொண்டு போவோம். படியில உட்கார்ந்தா ஒவ்வொருத்தர் கையிலயும் அத்தனை சாதமும் வந்துடும். இதையே வெள்ளைக்காரங்க பாட்லக்னு பேர் வச்சு இப்ப ஏதோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரிப் பேசறாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும். நம்ம ஊர்ல “என்ன கொண்டுவரட்டும்?”னு கேட்டா “ஐயோ, ஒண்ணும் வேணாம், வந்தாப் போதும்”னு சொல்றது மரியாதை. அதைக் கேட்டவங்களும் ஒரு சீப்பு பழமாவது வாங்கிட்டு வந்துடுவாங்க. இங்க அப்படிச் சொன்னே, நிஜமாவே கையை வீசிட்டு வருவாங்க. அதனால நான் வெட்கத்தை விட்டு ஆளுக்கொரு சாதம் பிரிச்சுக் கொடுத்தேன். அழைப்புல “2 மணி முதல் 5 மணி வரை”ன்னு முடியற நேரமும் போடணுமாம். விருந்துக்குக் கூப்பிட்டுட்டு எப்பப் போவேன்னும் சொல்லிடறது! அத்தைகிட்ட இதைச் சொல்லாதே, என்னைத் தலைமுழுகிடுவாங்க.

புளிக்காய்ச்சல் என் பொறுப்பு. வீட்டுக்குள்ள மிளகா வறுத்தா உத்தரத்துல இருக்கற புகை மணி தெருவே கேட்கற மாதிரி கத்தும். அதனால சனிக்கிழமை சாயங்காலம் கொல்லையில இருக்கற பார்பிக்யூ அடுப்போட பக்கத்து பர்னர்ல இலுப்பச்சட்டியை வச்சேன். கறி சுடறதுக்குன்னு வாங்கின அடுப்புல முதல்ல வெந்தயம் வறுபட்டுச்சு, அப்புறம் தனியா, அப்புறம் மிளகா. நல்லெண்ணெயில கடுகும் கடலைப்பருப்பும் பொரிய, பெருங்காயத்தைப் போட்டுக் கெட்டியாக் கரைச்ச புளியை ஊத்தினேன். கொதிச்சுக் கொதிச்சு ஓரமெல்லாம் எண்ணெய் பிரிஞ்சு வந்தப்ப, வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு இருமல். பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி. சண்டைக்குத்தான் வராங்கன்னு நினைச்சா, “இது என்ன சாஸ்?”னு கேட்டாங்க. ஒரு ஸ்பூன் நீட்டினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, ஆனா ஸ்பூனைத் திருப்பித் தரலை. மறுநாள் அவங்க தோட்டத்துத் தக்காளி ஒரு கூடை வந்துச்சு, தக்காளிச் சாதத்துக்குச் செலவு பூஜ்யம்.

அரிசி தலைக்கு 100 கிராம்னு கணக்குப் போட்டேன். பொன்னி அரிசி மூட்டை வீட்டுலயே இருந்துச்சு. வாழையிலை இங்க உறைய வச்சு மடிச்ச பாக்கெட்டுல வருது. பிரிச்சாப் பாதி கிழியுது, கிழிஞ்சதைத் தொன்னை மாதிரி சுருட்டிக் குழந்தைங்களுக்குக் கொடுத்தேன். நீ போன வருஷம் கொடுத்தனுப்பின கூழ்வடாமும் மோர்மிளகாயும்தான் மானத்தைக் காப்பாத்துச்சு.

ஆத்துக்கு என்ன பண்றது? ரூஜ்னு ஒரு ஆறு பக்கத்துல ஓடி ஒண்டாரியோ ஏரியில விழுது. அழகான ஆறுதான். ஆனா அதுல பூ, பழம்னு எதையாவது விட்டா அபராதம் போட்டுடுவாங்க. குழந்தைங்களுக்கு வாங்கின பிளாஸ்டிக் குளத்தைக் கொல்லையில வச்சு ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டேன். இவரு முகம் சுளிச்சார். “2017-ல மேட்டூரை அக்டோபர்லதான் திறந்தாங்க. அந்த ஆடிக்கு நாங்க மணல்ல போர்த்தண்ணியை வச்சுக் கும்பிட்டோம். அப்ப வராத தோஷம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?”ன்னேன். வாயை மூடிட்டார், ஆனா குழாய்த் திருகு மட்டும் அவர் கையிலதான். இங்கத் தண்ணிக்கு மீட்டர் ஓடுது. காவிரி மேலாண்மை ஆணையம் மாதிரி கணக்குப் பார்த்துத்தான் திறந்துவிட்டார், கடைமடைக்கு வழக்கம்போலப் பத்தலை.

நாவல்பழம், விளாம்பழம் கிடைக்கலை. ப்ளூபெர்ரி வச்சேன், நிறம் பொருந்திப் போச்சு. பேரிக்காய்க்குப் பதிலா நயாகரா பக்கத்து பீச் பழம். காப்பரிசிக்கு மட்டும் குறையில்லை, வெல்லமும் எள்ளும் இங்கே தாராளமாக் கிடைக்குது. காவிரி அம்மா ஒண்ணும் சொல்லலை. உன் தங்கச்சி மகன் அமேசான் அட்டைப்பெட்டிக்கு லாரி பொம்மைச் சக்கரத்தை மாட்டிச் சப்பரம் பண்ணி நடைபாதையில இழுத்துட்டுப் போனான். பின்னாடியே தெருவுல இருந்த குழந்தைங்களும் ரெண்டு நாயும்.

இனி விருந்துக் கதை. நான் அவ்வளவு பிரிச்சுக் கொடுத்தும் எலுமிச்சைச் சாதம் மட்டும் மூணு பாத்திரம் வந்துச்சு. ஏன்னா அதுதான் சுலபம். தயிர்சாதம் ஏத்துக்கிட்ட கோயம்புத்தூர்த் தம்பி சிப்ஸ் பாக்கெட்டோட வந்தான், வழியில தயிர் கிடைக்கலையாம். டொராண்டோவுல! யாழ்ப்பாணத்து அக்காகிட்ட தேங்காய்ச் சாதம் கேட்டிருந்தேன், அவங்க ஒரு பானை ஆடிக்கூழ் கொண்டுவந்தாங்க. “ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சிக் கூப்பிட்டனான், நீங்கள் வரேல்லை. இப்ப குடியுங்கோ”ன்னாங்க. வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, நடுநடுவே தேங்காய்ச் சொட்டு. நம்ம சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்னுச்சு, சொல்லிட்டேன்.

இவரோட ஆபீஸ்காரர் ஒருத்தர் சம்சாரத்தோட சரியா 2 மணிக்கு வந்தார். நம்மவங்க ஒருத்தரும் வரலை. உட்கார நாற்காலி, குடிக்க பீரு, ரெண்டும் அவரே கொண்டுவந்தார். பூஜைக்கு முன்னாடி பீர் பெட்டியைத் திறக்கப் போனவரை இவர் கையைப் பிடிச்சு கராஜுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டப்ப அந்த அம்மாவும் கழுத்தை நீட்டினாங்க. ஆம்பளைங்க கையில கட்டிக்கலாம்னு சொன்னதும் அவரும் மணிக்கட்டை நீட்டிட்டார். செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் “ஆஸ்பத்திரியில இருந்தியா?”ன்னு விசாரிச்சாங்களாம். இன்னும் கழட்டலை. 5 மணி அடிச்சதும் நாற்காலியை மடிச்சுட்டுக் கிளம்பினாங்க, வாசல்ல நம்மவங்க ரெண்டு குடும்பம் அப்பதான் காரை நிறுத்திட்டு இருந்தாங்க. கடைசி ஆள் போறப்ப மணி 11.

பிறந்தநாள் விருந்துன்னா இங்கே குழந்தைங்களுக்கு ஒரு பை நிறைய பொம்மை, மிட்டாய் கொடுத்தனுப்பணும். அதுவே தனிச் செலவு. நான் தாம்பூலப் பை கொடுத்துட்டேன்: மஞ்சள், வாழைப்பழம், கொஞ்சம் காப்பரிசி. வெற்றிலை ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு. கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்காமே, சந்தோஷம். இங்க விற்கிற விலைக்கு எந்த வெற்றிலையையும் லாக்கர்ல வைக்கலாம்.

மொத்தச் செலவு 87 டாலர். மிச்சத்தை இவர் என்கிட்ட கொடுக்கலை, தண்ணி பில்லுக்குன்னு எடுத்து வச்சிருக்கார். அடுத்த வருஷமும் எங்க வீட்டுலதான்னு எல்லாரும் சொல்லிட்டுப் போயிருக்காங்க, வர ஆளும் கூடும் போலிருக்கு.

அதனால ஒரு உதவி பண்ணு. அங்கிருந்து யார் இங்க கிளம்பினாலும் காதோலை கருகமணி அரை டஜன் செட்டு, மஞ்சள் கயிறு ஒரு கட்டு, கூழ்வடாம் ரெண்டு மடங்கா கொடுத்தனுப்பு. மரச் சப்பரம் சின்னதா ஒண்ணு பெட்டியில அடங்கற மாதிரி கிடைச்சா அதையும் வாங்கி வை. புளி வேண்டாம், இங்கேயே கிடைக்குது.

உன் அன்புத் தங்கை