ஒரு நூல் வாட்டம்

பூஜையறை எந்தத் திக்கை நோக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் விசாரிக்கும் கிரகஸ்தர்கள், கார் ஷெட்டைக் கழுவிய தண்ணீர் எந்தத் திக்கில் போகும் என்று அரை நாழிகைகூட யோசிப்பதில்லை; நான் யோசிக்கத் தலைப்பட்டேன், அன்று முதல் அது எங்கள் வீட்டின் பொது விவகாரமாகிவிட்டது.

தண்ணீர் ஈசானிய மூலையில்தான் வெளியேற வேண்டும் என்பது என் மாமனாரின் கட்சி. பாதாளச் சாக்கடையைப் போட்டவர்களோ, வாஸ்து சாஸ்திரத்தைக் கலந்துகொள்ளாமல், அதை மேற்குத் தெருவில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தரையின் வாட்டம் வடகிழக்கே இறங்கட்டும், அங்கே ஜாலிக்குள் விழுந்த தண்ணீர் குழாய் வழியே மேற்கே திரும்பட்டும், கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குத் தோஷமில்லை என்று வாஸ்து நிபுணர் சமரசம் செய்துவைத்தார். வாஸ்து புருஷன் படுத்திருப்பதே தரைக்கு அடியில்தானே என்ற சந்தேகத்தை நான் வெளியிடவில்லை. வெளியிட்டிருந்தால் அதன் பரிகாரத்துக்குத் தனி தட்சிணை ஆகியிருக்கும்.

கடையிலே, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த, பூ வேலை செய்த எவர்சில்வர் ஜாலிகளைப் பரப்பிய கடைக்காரர், அவற்றில் ஒன்றின் மேல் தாமே ஏறி நின்று, "எண்பது கிலோ சார், அசைஞ்சுதா பாருங்க" என்றார். ஆயிரம் கிலோ எடையுள்ள கார், சக்கரத்துக்கு ஏறக்குறைய 250 கிலோவாக உள்ளங்கையகல இடத்தில் இறக்கும் என்ற கணக்கை விநயமாக எடுத்துரைத்ததும், அழகில்லாத பொருளைக் கேட்டு வாங்குகிறவன் மீது உண்டாகும் அனுதாபத்தோடு, பின்கட்டிலிருந்து தூசி படிந்த வார்ப்பிரும்பு ஜாலி ஒன்றை எடுத்து வந்தார்.

ஜாலிக்கு அடியில் உட்காரும் நானி ட்ராப்தான் உண்மையில் விசேஷமானது. அதில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு எந்நேரமும் நிற்கும் தண்ணீர், சாக்கடை வாயுவும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் காவல் காக்கிறது. தண்ணீரையே கதவாக்கும் இந்த யுக்தியைக் கழிப்பறைக்குப் பொருத்தி 1775-இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங், லண்டனில் கடிகாரம் செய்து ஜீவித்தவர். அதனால்தானோ என்னவோ, இதற்கும் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது: சித்திரை வெயிலில் ஷெட்டைக் கழுவாமல் விட்டால் அந்தத் தண்ணீர் வற்றிப்போய், ஊர்ச் சாக்கடையின் வாசனை முழுவதும் நம் விருந்தினராகிவிடும். அவ்வப்போது ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

"நேரே மழைநீர்க் குழியில் விட்டுவிடுங்கள், நிலத்தடி நீர் ஏறும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு வீடுதோறும் கட்டாயமான நாள் முதலாக, எந்தத் தண்ணீரைக் கண்டாலும் குழிக்குள் அனுப்பிவிடும் உற்சாகம் அவருக்கு. என்ஜின் ஆயில் கலந்த தண்ணீரைப் பூமிக்குள் விட்டால், அது கிணறு வழியே காலைக் காபியில் பிரசன்னமாகக்கூடும் என்றேன். மணல் அடியில் படியவும், எண்ணெய் மேலே மிதக்கவும் ஒரு சிறு தொட்டி கட்டி, வெளியேறும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்துவிட்டால், எண்ணெய் தொட்டியிலேயே தங்கிவிடும். வழித்தெடுப்பது மட்டும் நம் பொறுப்பு.

மிஞ்சியது வாட்டம். "அடிக்கு ஒரு நூல்" என்றார் மேஸ்திரி. எட்டு நூல் ஓர் அங்குலம். பதினாறடி ஷெட்டுக்கு இரண்டங்குல இறக்கம். ரசமட்டத்தை உறையிலிருந்து எடுக்காமலே, சிமெண்டுப் பாலைக் கையால் தடவி, ஒற்றைக் கண்ணை மூடித் தரையைப் பார்த்து அவர் முடித்த வேலையைச் சோதிக்க, என் மகன் ஒரு கோலியை உருட்டினான். அது ஜாலியை நோக்கிக் கம்பீரமாகப் புறப்பட்டு, நடுவழியில் நின்றுவிட்டது.

"கோலி சரியில்லீங்க" என்றார் மேஸ்திரி.

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். பெரும்பகுதி ஓடி மறைந்தது. கோலி நின்ற அதே இடத்தில் மாத்திரம் ஒரு தட்டளவு பளபளத்தது.

"இதென்ன, தேங்குகிறதே?" என்றார் மாமனார்.

"தேக்கம் இல்லீங்கய்யா, ஈரம். மேலே காரை நிறுத்திட்டீங்கன்னா அதுவும் தெரியாது."