அடுத்த ஞாயிற்றுக்கிழமை

யாராவது ஒருவர் சொர்ணவாரி நடாமல் நிலத்தைத் தரிசாக விட்டால்தான் பண்டசோழநல்லூரில் எங்களுக்குக் கால்பந்து. நவரை அறுவடை முடிந்த கையோடு, போர் தண்ணீர் உள்ளவர்கள் அடுத்த நடவுக்கு இறங்கிவிடுவார்கள். மோட்டார் பழுதானவரோ, கையில் முதல் இல்லாதவரோ அந்தப் பட்டத்தை மட்டும் விடுவார். 1998-இல் அப்படி விட்டவர் எங்கள் அணியில் பேக் ஆடிய அண்ணனுடைய பெரியப்பா. "ஆடிப்பெருக்கு வரைக்கும் ஆடிக்கோங்க. அப்புறம் சம்பாவுக்கு ஓட்டிடுவேன். வெட்டுன வரப்ப மட்டும் பழையபடி வெச்சிக் குடுத்துடணும்" என்றார்.

வரப்பை வெட்டாமல் மைதானம் கிடைக்காது. ஒரு கட்டம் நீளம் போதாது. இரண்டு கட்டத்தைச் சேர்த்தால்தான் ஓடலாம். மண்வெட்டியோடு பதினான்கு பேர் இறங்கி ஒரே மாலையில் வரப்பைக் கரைத்தோம். அடுத்த சங்கடம் தாள். அறுத்த நெல்லின் அடித்தாள் காய்ந்து நின்றால் வெறுங்காலில் ஊசி போல ஏறும். அதற்கும் பெரியப்பாவே வழி சொன்னார். கிடை போட வந்தவர்களிடம் பேசி இரண்டு இரவு ஆடுகளை அங்கே அடைத்தார். அவருக்கு எரு ஆயிற்று, எங்களுக்குத் தாள் மிதிபட்டுத் தரை ஆயிற்று. கோல் கம்பத்துக்குச் சவுக்குக் கழி. கோடு போட ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பல். காற்றடித்தால் கோடு போய்விடும், மறுபடி போடுவோம்.

அந்த ஆண்டு ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை பாதி வரை எங்களுக்கு இரண்டு போட்டிகள் ஒன்றாக வந்து விழுந்தன. பக்கத்து ஊரில் நடந்த சுழற்கோப்பை நாக்அவுட், தோற்றால் அன்றோடு வீடு. மற்றொன்று புதுச்சேரி டவுனில் லீக். ஞாயிறுதோறும் ஒரு ஆட்டம், நான்கு ஞாயிறு. லீக்குக்கு எங்கள் ஊர் பெயர் கொடுத்தது அதுதான் முதல் முறை. எனக்கு அப்போது பதினேழு வயது, ரைட் ஹாப். அணியில் மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருவர், டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர், கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர்கள், காலேஜ் பையன்கள் மூவர். கேப்டன் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். கருவேல முள் ஏறிய பந்துக்கும் அவர்தான் ஒட்டுப் போடுவார், சைக்கிளுக்கும் அவர்தான்.

எங்கள் கீப்பர் செங்கல் சூளையில் வேலை செய்தார். லாரியில் கல் ஏற்றும்போது கீழே நிற்பவர் இரண்டிரண்டாக வீசுவார். மேலே நிற்பவர் பார்க்கக்கூட நேரமில்லாமல் பிடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க மேலே நிற்பது அவர் வேலை. அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் லீக்குக்கே துணிந்தோம்.

கோப்பையின் முதல் ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அது எங்களைப் போலவே வயல்வெளி மைதானம். பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஆடினோம், யாரும் கேட்கவில்லை. மேளத்தோடு ஊருக்குள் வந்தோம்.

லீக்கில் காலணி இல்லாமல் இறங்க முடியாது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் முந்தைய வாரங்களில் பொறுக்கிச் சேர்த்த பழைய பூட்ஸ்கள், அளவு பெரிதானவற்றில் துணி திணித்தவை, இரவல் வாங்கியவை என்று பதினோரு ஜோடி தேற்றினோம். ஜூன் 14, ஞாயிறு. அந்தப் பூட்ஸோடு ஓடியவர்களில் ஏழெட்டுப் பேருக்கு அதுதான் முதல் நாள். வெறுங்காலில் பெருவிரல் பந்தைத் தொட்டு அறியும்; பூட்ஸுக்குள் அந்த விரல் குருடாகிவிடும். கொடுக்க நினைத்த பந்து ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ஆறு கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. ஆறில் நான்கு எங்கள் பேக்குகள் வழுக்கி விழுந்ததால் போனவை. ஆனால் வலைக்குள் கை விட்டுப் பந்தை எடுத்து வந்தவர் ஆறு முறையும் கீப்பர் அண்ணன்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏம்பலம் வரை யாரும் பேசவில்லை. கரியமாணிக்கம் தாண்டியபோது கீப்பர் அண்ணன் கையுறையைக் கழற்றி என் மடியில் வைத்து, "நீ வெச்சிக்கோடா" என்றார். இறங்கி நடந்து போய்விட்டார்.

வார நாளில் கோப்பையின் இரண்டாவது ஆட்டம் வந்தது, அதற்கு அவர் வந்தார். வேறு கீப்பர் கிடையாது, ஊர் முழுக்கப் பார்க்கிறது. ஜெயித்தோம். ஆனால் "டவுனுக்கு மட்டும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வேறு நான்கைந்து பேரும் அதே மாதிரி மெல்ல நழுவப் பார்த்தார்கள். ஒருவருக்கு அத்தை வீட்டில் காதுகுத்து, இன்னொருவருக்குக் காய்ச்சல்.

சனிக்கிழமை இரவு கேப்டன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். கையுறை என்னிடம் இருந்ததால் நான். கீப்பர் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதுக்கு மேல். அவருடைய அம்மா திண்ணையில் இருந்தார்.

"அவன் வரமாட்டேன்றான்பா. நீயே கேட்டுக்கோ."

"அவன எங்கம்மா கேக்கப் போறேன்? பசிக்குது, எதாச்சும் இருக்கா?"

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீப்பர் அண்ணனும் எதிரில் வந்து உட்கார்ந்தார். சூளையில் கல்லுக்கு என்ன விலை, மழைக்கு முன்னால் எத்தனை சூளை பிரிக்க வேண்டும் என்று பேச்சு. பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கை கழுவி எழுந்தபோது கேப்டன் அண்ணன், "காலைல ஆறரை பஸ்ஸு" என்றார். நான் கையுறையைத் திண்ணையில் வைத்தேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஆறு மணிக்கே கீப்பர் அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அன்றும் தோற்றோம், மூன்றுக்கு ஒன்று. ஆனால் ஒரு கோல் போட்டோம்.

அது உலகக் கோப்பை மாதம். கலர் டிவி இருந்த ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஊர்ப் பையன்கள் எல்லாரும் கிடப்போம். நாங்கள் இரண்டாவதாகத் தோற்ற அதே ஜூன் 21 இரவு, அர்ஜென்டினா ஜமைக்காவுக்கு ஐந்து கோல் போட்டது. ஜமைக்காவுக்கும் அது முதல் உலகக் கோப்பை. முந்தின ஞாயிறு, நாங்கள் ஆறு வாங்கிய நாளில், அவர்களும் குரோஷியாவிடம் 1-3 என்று தோற்றிருந்தார்கள். இரண்டு தோல்வியோடு வெளியே போவது உறுதியாகிவிட்டது. என்றாலும் முதல் சுற்று லீக் ஆனதால் மூன்றாவது ஆட்டம் மீதமிருந்தது. 26-ஆம் தேதி ஜப்பானை 2-1 என்று ஜெயித்தார்கள். இரண்டு கோலும் விட்மோர் போட்டது. போட்டியிலிருந்து விழுந்துவிட்ட ஒரு அணி அப்படித் துள்ளியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கீப்பர் அண்ணன் தூணில் சாய்ந்தபடி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

28-ஆம் தேதி ஒன்றுக்கு ஒன்று என்று சமன். ஜூலை 5, கடைசி லீக் ஆட்டத்தில் ஒரே கோலில் ஜெயித்தோம். பூட்ஸ் அதற்குள் காலுக்குப் பழகியிருந்தது. கால் பூட்ஸுக்குப் பழகியது என்றும் சொல்லலாம். கடைசிப் பத்து நிமிடம் எதிரணி எங்கள் பாதியை விட்டு நகரவே இல்லை. ஒரு கார்னரில் வந்த பந்தைக் கூட்டத்துக்கு மேலே எழும்பி இரண்டு கையாலும் அவர் பிடித்தது, லாரி மேல் நின்று செங்கல் பிடிப்பது போலவே இருந்தது. பட்டியலில் எங்களுக்குக் கீழே ஒரு அணி இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை இரவில் அப்படி ஒரு அணி இருக்கும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

ஊருக்கு இது எதுவும் நினைவில்லை. நினைவிலிருப்பது கோப்பை. ஜூலை 11 அரையிறுதி, டைபிரேக்கரில் நான்குக்கு மூன்று என்று தோற்றது. கடைசிப் பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியதை இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள். அந்த வரிசையில் தவறவிட்டவர்களில் நானும் ஒருவன்.

லீக்கை மறந்து கோப்பையை மட்டும் நினைவில் வைப்பது எங்கள் ஊரின் குணம் மட்டும் அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய மாதம் 1911 ஜூலை. மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டில் 10-ஆம் தேதி தொடங்கி 29-ஆம் தேதி வரை ஆறு ஆட்டம் ஆடியது. மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு சமனாகி, மறு ஆட்டம் ஆடி, இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வீழ்த்தியது. அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்கால். ஜூலை 29 இன்றும் மோகன் பகான் தினம். அதே அணி கல்கத்தா லீக்கில் நுழைந்தது 1914-இல், இரண்டாம் டிவிஷனில். முதல் முறையாக லீக்கை ஜெயித்தது 1939-இல். கோப்பைக்கு இருபது நாள், லீக்குக்கு இருபத்தைந்து வருடம். அந்த இருபத்தைந்து வருடமும் ஆட்டம் முடிந்த மறுவாரம் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு தினம் இல்லையே என்று எனக்கு மனசு கிடந்து தவிக்கும்.

ஜூலை 12 நள்ளிரவுக்கு மேல் பிரான்ஸ் பிரேசிலை 3-0 என்று ஜெயித்தபோது, அந்தத் தாழ்வாரத்தில் எங்களோடு ஒரு சொல்தா தாத்தாவும் விழித்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஜிதான் தலையால் முட்டிய இரண்டு கோலுக்கும் சத்தமில்லாமல் கை தட்டினார். இரண்டு நாள் கழித்து ஜூலை 14 விழாவுக்கு மெடல் குத்திக்கொண்டு டவுனுக்குப் போனார்.

அவருடைய இளமையில் நடந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி நான் படித்தது பல வருடம் கழித்து. 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பிரான்ஸும் மோதின. இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார்; இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டது; கடைசி நேரத்துக் கோலில் பிரான்ஸ் 2-1 என்று ஜெயித்தது. புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-இல்தான். ஆக அந்த நாளில் எங்கள் வயல் பிரான்ஸின் பக்கம். வயலில் வெறுங்காலில் நின்றவர்களோ அந்தப் பதினொரு பேரின் பக்கம். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் எந்தக் கோலுக்குக் கை தட்டியிருப்பீர்கள் என்று கேட்டிருப்பேன். அதுவும் நாக்அவுட்தான். ஒரு மாலை, இரண்டு பெனால்டி, முடிந்தது. மறுவாரம் ஆடக் கொடுத்திருந்தால் அவர்கள் எப்படி ஆடியிருப்பார்கள் என்று நான் நினைக்காத ஜூலை இல்லை.

இப்போது என் அக்கா மகன் கேப்டன். அவனிடம் இருக்கிற எதுவும் எங்களிடம் இருந்ததில்லை, அதில் எனக்குச் சந்தோஷமே. பெயர் அச்சிட்ட ஜெர்சி, அளவான பூட்ஸ், ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடும் டர்ஃப். எங்களை விடப் பந்து அவர்கள் காலில் நன்றாக நிற்கிறது. ஆனால் அவர்கள் ஆடுவது எல்லாம் ஒரு நாள் செவன்ஸ். பாதிக்குப் பத்து நிமிடம், தோற்றால் வெளியே. போன வருடம் ஒரு ஞாயிறு, அவர்களோடு வேனில் போனேன். முதல் ஆட்டம் தோற்று, வந்த ஒரு மணி நேரத்தில் திரும்பினோம். வேன் நெட்டப்பாக்கம் வருவதற்குள் கீப்பர் பையன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். போனை என்னிடம் காட்டி, "பாருங்க மாமா, போய்ட்டான்" என்றான் அக்கா மகன். அடுத்த போட்டிக்கு வேறு ஊரிலிருந்து ஒரு கீப்பரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் திரும்ப வரவில்லை. வருவதற்கு அவனுக்கு ஒரு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கவில்லை.

அன்றிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருடம் சுற்றியுள்ள ஆறு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு லீக் தொடங்கியிருக்கிறார்கள். கோப்பை கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. ஒவ்வொரு ஊரும் மற்ற ஐந்து ஊரோடும் ஒருமுறை ஆட வேண்டும், ஐந்து ஞாயிறு. பதினொரு பேர் சேராத ஊருக்காக ஒன்பது பேர் என்று வைத்துக்கொண்டார்கள். பட்டியல் ஒரு நோட்டில் இருக்கிறது. அதை நான்தான் எழுதுகிறேன்.

பழைய கீப்பர் பையனையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் ஞாயிறு நாங்கள் ஐந்து வாங்கினோம். மூன்றாவது கோலுக்குப் பிறகு அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழுவிலிருந்து வெளியேறினான். போன் எடுக்கவில்லை.

சனிக்கிழமை இரவு அக்கா மகன் என் வீட்டுக்கு வந்தான்.

"பத்து வாட்டி அடிச்சிட்டேன் மாமா. எடுக்க மாட்றான். என்ன மெசேஜ் போடறது?"

"ஒண்ணும் போடாத. அவங்க வீடு எங்க இருக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டேன். "நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "நல்லது, வா" என்று தெருவில் இறங்கினேன்.