முதற்பக்கத்துப் புலி: ஹான்ஷின் ரசிகரின் வாசிப்பு மரபு குறித்த ஓர் ஆய்வு

பேஸ்பால் ஆடுவது எப்படி என்பதற்கு நூல்கள் உண்டு. பார்ப்பது எப்படி என்பதற்கும் உண்டு. முந்தின இரவு கண்ணால் கண்ட ஆட்டத்தை மறுநாள் காலை காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி மறுபடி படிப்பது எப்படி என்பதற்கு மட்டும் முறையான இலக்கணம் இல்லை. அக்குறையைத் தீர்க்க வந்ததே இக்கட்டுரை. களம், ஜப்பானின் ஒசாகாவும் கோபேயும் அவற்றுக்கு இடையே ஓடும் ரயில் பாதையும். நாயகன், அந்த ரயில் கம்பெனியின் பிள்ளையான ஹான்ஷின் டைகர்ஸ் அணியின் ரசிகன். ஒசாகாவிலிருந்து ஓர் எழுத்தும் கோபேயிலிருந்து ஓர் எழுத்தும் எடுத்துக் கோத்த பெயர் ஹான்ஷின். இந்த அணிமேல் தலைகால் தெரியாத மோகம் கொண்டவனை உள்ளூர்க்காரர்கள் ‘தோராகிச்சி’ என்பார்கள். தோரா என்றால் புலி; கிச்சி என்பது பித்தைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். இனி இக்கட்டுரையில் அவன் புலிப்பித்தன்.

ஆய்வுச் சிக்கல் இதுதான். புலிப்பித்தன் நிஷினோமியா நகரத்துக் கோஷியென் அரங்கில் ஒன்பது இன்னிங்ஸும் உட்கார்ந்து பார்க்கிறான். திரும்பும் ரயிலில் வானொலியில் அதையே கேட்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் அதன் தொகுப்பைப் பார்க்கிறான். விடிந்ததும் ஸ்டேஷன் கடையில் பத்திரிகை வாங்குகிறான். ஸ்கோர் அவனுக்குத் தெரியும். சொதப்பியது யார் என்பதும் தெரியும். சொதப்பியவரைப் பார்த்துக் கத்தியதே அவன்தான். பிறகு பத்திரிகையில் எதைத் தேடுகிறான்?

பாமரர் இதை வீண்செலவு என்பர். தமிழ் படித்தவர்கள் அப்படி அவசரப்பட மாட்டார்கள். ஒன்றே முக்கால் அடிக் குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபில் வந்தவர்களுக்கு, மூலம் கையில் இருக்க உரை எதற்கு என்ற ஐயமே எழாது. ஆட்டம் சூத்திரம், பத்திரிகை உரை. அதிலும், வென்ற நாளின் சூத்திரம் தெளிவானது, யாருக்கும் விளங்கும். உரை வேண்டியிருப்பது தோற்ற நாளுக்குத்தான். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

உரையாசிரியர்களுள் தலையானது 1948இல் கோபேயில் தொடங்கிய ‘டெய்லி ஸ்போர்ட்ஸ்’ நாளிதழ். அதன் முதற்பக்கக் கொள்கை எளிது. புலி வென்றால் புலி. தோற்றால், ஏன் தோற்றது புலி. மழையால் ஆட்டம் ரத்தானால், கூரைக்குள் பயிற்சி செய்த புலி. டிசம்பரில் ஆட்டமே கிடையாதே என்று கேட்பவர் மரபறியாதவர். அது சம்பளப் பேச்சின் பருவம்; எந்த வீரர் எவ்வளவுக்குக் கையெழுத்திட்டார், முகம் மலர்ந்ததா சுருங்கியதா என்று எழுதித் தீராது. ஜனவரியில் புதுமுக வீரர்கள் அணி விடுதிக்குக் குடிவருவார்கள். பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள், தலையணையா, தாயத்தா, பொம்மையா என்பது படத்துடன் செய்தி. அத்தி பூத்தாற்போல வேறு சங்கதி ஏதாவது முதற்பக்கம் ஏறினால், கடைக்காரர் தவறான பத்திரிகையைக் கொடுத்துவிட்டாரோ என்று வாசகருக்கு ஐயம் வரும்.

இதில் ஒரு வரலாற்று நுட்பம் இருக்கிறது. புலியின் பரம எதிரியான டோக்கியோவின் யோமியுரி ஜயண்ட்ஸ் அணியை 1934இல் உருவாக்கியவர் யோமியுரி நாளிதழின் அதிபர் ஷோரிகி மாட்சுதாரோ. நாகோயாவின் சூனிச்சி டிராகன்ஸும் பத்திரிகை வீட்டுப் பிள்ளைதான். வீட்டுப் பத்திரிகை வீட்டு அணியைக் கொண்டாடுவது கூலிக்கு மாரடிப்பது. அதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை. 1935 டிசம்பரில் பிறந்த புலிக்குத் தகப்பன் ரயில் கம்பெனி. டெய்லி ஸ்போர்ட்ஸோ கோபே ஷிம்புன் பத்திரிகைக் குழுமத்தைச் சேர்ந்தது. யாரும் கேட்காமல் தானாகப் போய் ஆட்பட்ட பத்திரிகை அது. ஆழ்வார்களைப் படித்தவர்களுக்கு இந்த நிலை புரியும்.

பாட வேறுபாடுகளையும் கவனிக்க வேண்டும். நிக்கான் ஸ்போர்ட்ஸ், சாங்கேய் ஸ்போர்ட்ஸ் போன்ற பத்திரிகைகளுக்கு ஒசாகாப் பதிப்பும் டோக்கியோப் பதிப்பும் தனித்தனி. ஒரே பெயர், ஒரே தேதி. ஒசாகாப் பிரதியில் முதற்பக்கம் புலி, டோக்கியோப் பிரதியில் வேறு ஏதோ. காலையில் ஷின்கான்சென் ஏறிய புலிப்பித்தன், இரண்டரை மணி நேரத்தில் உலகத்தின் மையம் இடம் மாறிவிட்டதைக் காண்கிறான். உ.வே.சா. கையில் இவ்விரண்டு பிரதிகளும் கிடைத்திருந்தால் அடிக்குறிப்பிலேயே பாதிப் பக்கம் போயிருக்கும்.

விரிவுரைக்கு எடுத்துக்காட்டு கோபேயின் சன் டிவி. (பெயர்ப் பொருத்தம் தற்செயல், இது 1969இலேயே தொடங்கிய சன் டிவி.) ஒன்பது மணி நாடகத்துக்காகப் பெரிய சேனல்கள் ஆட்டத்தைப் பாதியில் வெட்டிய காலத்தில், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை காட்டுவதை இது விரதமாகக் கொண்டது. விரதத்துக்கு வந்த சோதனை 1992 செப்டம்பர் 11. யாகுல்ட் ஸ்வாலோஸுடன் கோஷியெனில் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாகி ஹிரோஷி அடித்த பந்து ஹோம் ரன் என்று நடுவர் கை காட்டினார். புலிகள் வென்றுவிட்டார்கள்; ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பிறகு, பந்து வேலியில் பட்டுத் துள்ளித்தான் தாண்டியது என்று தீர்ப்பு மாறியது. ஹோம் ரன், இரண்டு பேஸ் அடியாகச் சுருங்கியது. வாக்குவாதம் மட்டும் 37 நிமிடம். பிறகு 15ஆவது இன்னிங்ஸ் வரை இழுத்து 3-3 என்று சமனில் முடிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மொத்தம் 6 மணி 26 நிமிடம். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் மிக நீண்ட நேரம் ஓடிய ஆட்டம். அந்த ஆண்டு இரண்டே ஆட்ட இடைவெளியில் யாகுல்ட்டிடம் புலி லீக் பட்டத்தைக் கோட்டைவிட்டது. யாகியின் பந்து புலிப்பித்தர் மனத்தில் இன்னும் கீழே விழவில்லை.

திணை ஆராய்ச்சி இல்லாமல் தமிழில் ஆய்வு நிறைவுறாது. நல்லவேளையாகக் கோஷியென் அதற்கென்றே கட்டியது போன்ற இடம்.

வடக்கே ரொக்கோ மலை. அங்கிருந்து இறங்கும் காற்றின் பெயரால்தான் அணியின் பாட்டையே ‘ரொக்கோ ஓரோஷி’ என்கிறார்கள். 1936இல் அதற்கு இசையமைத்த கோசெகி யூஜி, பின்னாளில் எதிரி ஜயண்ட்ஸ் இன்றும் பாடும் பாட்டுக்கும் இசையமைத்தார். புலிப்பித்தர்கள் இதைத் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மலை இருப்பதால் இது குறிஞ்சி, உரிப்பொருள் புணர்தல். கூடியது 1985இல். ஏப்ரல் 17 அன்று ஜயண்ட்ஸ் பிட்சர் மாகிஹாராவின் பந்துகளை ராண்டி பாஸ், காகேஃபு, ஒகாடா மூவரும் அடுத்தடுத்து நடு மைதானத்தின் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். பாஸ் அந்த ஆண்டு அடித்தது 54 ஹோம் ரன். இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் சீரிஸை அணி முதன்முதலாக வென்றது. குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு ஆண்டு. இந்தக் குறிஞ்சி மறுபடி பூக்க 38 ஆண்டு ஆனது.

தெற்கே கடல். அங்கிருந்து வரும் காற்றுக்கு ‘ஹாமகாஸே’ என்று பெயர். அது வலப்புறத்திலிருந்து இடப்புறமாக வீசும். இடக்கை வீரர் வலப்பக்கம் உயர்த்தி அடித்த பந்து, போய்விட்டது என்று எல்லாரும் எழுந்து நிற்கும்போது, காற்றில் தயங்கி எதிரியின் கையுறையில் வந்து இறங்கும். நெய்தலும் இரங்கலும் இதைவிடப் பொருந்தி அமைந்த இடம் சங்க நூல்களில்கூட அரிது. பாஸும் இடக்கைக்காரர்தான்; காற்றோடு மல்லுக்கு நிற்காமல் இடப்பக்கமாக அடிக்கக் கற்றுக்கொண்டார்.

ஆகஸ்ட் வந்தால் பாலை. அரங்கம் திறந்த 1924 முதல் கோஷியென் என்றால் ஜப்பானியருக்கு முதலில் நினைவு வருவது உயர்நிலைப் பள்ளிப் பையன்களின் கோடைப் போட்டிதான். அந்த வாரங்களில் தொழில்முறை அணி சொந்த வீட்டைப் பையன்களுக்கு விட்டுக்கொடுத்து ஊர் ஊராக அலையும். பத்திரிகைகள் இதற்கு ‘மரணப் பயணம்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. வெயில், பிரிவு, வழிநடை, எல்லாம் இலக்கணப்படி. 1997இல் ஒசாகாவில் கூரையிட்ட அரங்கம் வந்ததிலிருந்து அங்கேயும் சில ஆட்டங்கள் ஆடிக்கொள்கிறார்கள்; பாலையில் குளிர்சாதன வசதி.

முல்லைக்குக் கோஷியென் சுவரெங்கும் படர்ந்த கொடி இருக்கிறது. அது ஐவி, முல்லையன்று. ஆனால் காத்திருப்பு அசல். 1987 முதல் 2001 வரை 15 சீசனில் 10 முறை கடைசி இடம். மருதத்தின் உரிப்பொருளான ஊடலுக்குச் சான்று வேண்டுவோர், கோஷியெனின் வெளிமைதானக் காலரியில் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

அந்த 15 ஆண்டுகளில் உரையாசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. தோல்விக்குக் காரணம் சொல்லிச் சொல்லி எல்லாக் காரணமும் தீர்ந்தபின் சாபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1985 அக்டோபரில் லீக் பட்டம் உறுதியான இரவு, ஒசாகாவின் எபிசு பாலத்தில் திரண்ட கூட்டம் ஒவ்வொரு வீரர் பெயராகக் கூவ, அந்த வீரர் சாயலில் இருந்தவர் டோட்டொம்போரி ஆற்றில் குதித்தார். தாடி வைத்த அமெரிக்கரான பாஸுக்குச் சாயலாக யாரும் அகப்படவில்லை. பக்கத்துக் கோழிக்கறிக் கடை வாசலில் தாடியோடு நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிப் போட்டார்கள். பின்னால் அணி தோற்கத் தொடங்கியதும் கர்னலின் கோபம் என்றார்கள். 1988இல் ஒரு ஒசாகாத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சிலையைத் தேடி ஆற்றில் இறங்கியது. கிடைக்கவில்லை, கதை ஊரெல்லாம் பரவியது. 2009 மார்ச்சில் ஆற்றங்கரை வேலையின்போது கர்னல் அகப்பட்டார், மூக்குக்கண்ணாடியும் இடக்கையும் இல்லாமல். அடுத்த சீசன்களிலும் ஜப்பான் சீரிஸ் வெற்றி வரவில்லை. கண்ணாடி கிடைக்காததுதான் காரணம் என்ற உட்கோள் எழுந்தது. எந்த ஆதாரமும் தன்னை அசைக்க முடியாதபடி வளைந்துகொடுக்கும் இத்தகைய கோட்பாட்டைப் பல்கலைக்கழகங்களிலும் காணலாம்.

உரை மூலத்தை முந்திக்கொண்டு ஓடிய இடமும் உண்டு. 2008 ஜூலையில் புலி ஜயண்ட்ஸைவிட 13 ஆட்டம் முன்னிலை. சீசன் முடியும் முன்பே நிக்கான் ஸ்போர்ட்ஸ் குடும்பத்திலிருந்து ‘வீ யானென்! டைகர்ஸ்’ என்ற சிறப்பிதழ் கடைக்கு வந்தது. ஒசாகாப் பேச்சில் அதற்கு ‘வெற்றிதாம்பா, டைகர்ஸ்!’ என்று பொருள். ஜயண்ட்ஸ் துரத்திப் பிடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனது. மேனேஜர் ஒகாடா அகினோபு பதவி விலகினார். 1985இல் மாகிஹாராவை அடித்த மூவரில் மூன்றாமவரான அதே ஒகாடா. 2005இல் லீக் பட்டம் வாங்கித் தந்துவிட்டு, ஜப்பான் சீரிஸில் சிபா லோட்டேயிடம் நான்குக்கு நான்கு தோற்றவரும் அவரே. அந்த நான்கு ஆட்டங்களின் ரன் கணக்கு 33-4. முதல் ஆட்டம் மூடுபனியால் பாதியில் நின்றது. நிற்காவிட்டால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிடுவது நாகரிகமன்று. இன்றும் ‘33-4’ என்று எழுதினால் போதும், புலிப்பித்தன் முகம் வாடும்.

அந்த ஒகாடா 2023இல் மறுபடி மேனேஜராகத் திரும்பியபோது ‘பட்டம்’ என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. ‘அரே’ என்றார். தமிழில் ‘அது’. நன்னூலார் தகுதி வழக்கு என்று வகுத்த இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றில் இது எதில் அடங்கும் என்பது விவாதத்துக்குரியது. இராத்திரியில் பாம்பின் பெயர் சொல்லாத பாட்டிமார் இதை மங்கலம் என்பர். சிறப்பிதழ் நினைவிருப்பவர்கள் வெறும் எச்சரிக்கை என்பர். தொலைவில் இருப்பதைச் சுட்ட ஜப்பானியத்திலும் தமிழிலும் ‘அ’ முன்னிற்பது ஒரு சுவையான ஒற்றுமை. இவ்விரு மொழிக்கும் உறவு தேடிய அறிஞர் ஓனோ சுசுமு இதைக் கேட்க இல்லை. புலி 13 ஆட்டம் முன்னிலையில் இருந்த அந்த 2008 ஜூலையில் அவர் மறைந்தார்.

செய்தியாளர்களும் ஒழுங்காக ‘அது’ என்றே எழுதினார்கள். செப்டம்பர் 14 அன்று ‘அது’ கிடைத்தது. நவம்பர் 5 அன்று ஓரிக்ஸ் அணியுடன் ஏழாவது ஆட்டத்தை 7-1 என்று முடித்து ஜப்பான் சீரிஸும் கிடைத்தது. ஆண்டின் சிறந்த சொல்லாக ‘அரே’யைத் தேர்ந்தெடுத்தார்கள். வென்ற இரவுக்கு மறுநாள் காலை பத்திரிகையின் முதற்பக்கத்தில் புலி இருந்தது. அதற்கு முந்தின நாள் காலையும் அங்கேதான் இருந்தது.

2024 மார்ச்சில், சிதிலமாகிவிட்ட கர்னல் சிலைக்குச் சாக்கே மது வார்த்துச் சடங்கு செய்து கோழிக்கறி நிறுவனம் விடைகொடுத்தது. 2025இல் புதிய மேனேஜர் ஃபுஜிகாவா கியூஜியின் கீழ்ப் புலி செப்டம்பர் 7 அன்றே லீக் பட்டத்தை உறுதிசெய்தது. இரண்டு லீக் முறை வந்தபின் அவ்வளவு சீக்கிரம் அதற்குமுன் எந்த அணியும் உறுதிசெய்ததில்லை. ஜப்பான் சீரிஸில் சாஃப்ட்பேங்க் அணியிடம் 1-4 என்று தோற்றது. சாபம் போட ஆற்றிலும் இப்போது ஆளில்லை. காரணம் என்ன என்று மறுநாள் முதற்பக்கத்தில் எழுதியாக வேண்டும், எழுதினார்கள்.