புஸ்தகம் எழுதும்போது பிள்ளை யாரு மடியில?

மாப்ளே, உம்ம புஸ்தகம் வந்து சேந்துது. அட்டை பளபளன்னு இருக்கு. பின்னட்டையில கன்னத்துல கையை வச்சு எங்கனயோ பாத்துக்கிட்டு இருக்கீரு. கடன்காரன் வர்ற திசையாக்கும்னு நெனச்சேன். குடும்பம், பிள்ளை வளப்புன்னு 240 பக்கம். வள்ளுவரு மக்கட்பேறுக்குப் பத்துக் குறளோட நிறுத்திக்கிட்டாரு. அவருக்குப் பதிப்பாளர் தொந்தரவு இல்ல போல.

சந்தோசம்வே, நெஜமாத்தான் சொல்லுதேன். நம்ம தெருக்காரன் பேரு இதுவரைக்கும் அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையிலயும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயுந்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் புஸ்தகம் போட்டிருக்கான்னா கொண்டாடாம விடலாமா? வெளியீட்டு விழாவுக்கு வந்து முன்வரிசையில உக்காருதேன். ஆனா ஒரு சந்தேகம். மேடையில கேட்டா நல்லா இருக்காது, அதான் இங்கனயே கேட்டுப்புடுதேன்.

இந்த 240 பக்கத்தையும் எழுதும்போது உம்ம ரெண்டு பிள்ளைகளும் யாரு மடியில இருந்துச்சு?

முன்னுரையில நீரே ஒத்துக்கிட்டிருக்கீரு. விடியக்காலம் எழுதினேன், ராத்திரி எழுதினேன், ஞாயித்துக்கிழமை மாடிக் கதவைச் சாத்திக்கிட்டு எழுதினேன்னு. பிள்ளைகளோட நேரம் செலவழிக்கணும்னு மூணாம் அத்தியாயத்துல உருகியிருக்கீரே, அதுவும் அந்தச் சாத்துன கதவுக்குள்ளதான் பிறந்திருக்கணும். சின்னவ வந்து தட்டியிருப்பா. உம்ம மாமியா, “அப்பா உன்னையப் பத்தித்தான் எழுதுதாரு, சத்தம் போடாத”ன்னு தூக்கிட்டுப் போயிருப்பாக.

இது உமக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. ஜெனீவாக்காரர் ரூசோ 1762-ல ‘எமீல்’னு ஒரு புஸ்தகம் போட்டாரு. பிள்ளையைத் துணியில இறுக்கிச் சுத்தாதீங்க, பெத்தவளே பால் குடுக்கணும், ஓடியாட விடுங்கன்னு ஐரோப்பாவுக்கே பாடம் சொன்ன புஸ்தகம். எல்லாம் நல்ல சங்கதிதான். ஆனா அந்த மனுசன் தனக்குப் பிறந்த அஞ்சு பிள்ளைகளையும் பாரிசுல அனாதைப் பிள்ளைகள் விடுதியில விட்டுட்டாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சையும். பொறவு அதுக்காக வருத்தப்பட்டு எழுதவும் செஞ்சாரு. எழுதுறவனுக்கு அந்த ஒரு சௌகரியம் உண்டுல்லா. அவரோட வச்சுப் பாத்தா நீரு சொக்கத் தங்கம். மாடிக் கதவைத்தான சாத்தினீரு!

சரி, நம்ம பக்கம் வாரும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் குமரகுருபரர். திருமலை நாயக்கர் காலத்துல மதுரை மீனாட்சி மேல பிள்ளைத்தமிழ் பாடினாரு. காப்பு, செங்கீரைன்னு ஆரம்பிச்சு அம்மானை, ஊசல் வரைக்கும் பத்துப் பருவம். தலையை நிமித்தி ஆடுறது, கை கொட்டுறது, நடந்து வாரது, நிலாவை வெளையாடக் கூப்பிடுறதுன்னு ஒண்ணு விடல. இத்தனைக்கும் அவரு துறவி. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு முற்றத்துல நடந்தவரு இல்ல. ஆனா ஒரு எடத்துலயாவது பிள்ளையை இப்படி வளருங்கன்னு புத்தி சொன்னாரா? பாத்தாரு, சொக்கினாரு, பாடினாரு. முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பாடுதோம்.

நீரும் பாக்கிற எடத்துல எல்லாம் ஜெயிச்சிருக்கீரு, புத்தி சொல்லுற எடத்துல எல்லாம் வழுக்கியிருக்கீரு. ‘பிடிவாதக் குழந்தையைக் கையாள ஏழு வழிகள்’னு ஒரு அத்தியாயம். போன கோயில் கொடையில பலூன் கேட்டுச் சின்னவ தரையில உருண்டப்போ அந்த ஏழும் எங்க போச்சு? எட்டாவது வழியா பலூனை வாங்கிக் குடுத்ததை ஊரே பாத்துச்சு. ஆனா அதே சின்னவளுக்கு மொத மொதல்ல தலை பின்னப்போயி, சிக்கு எடுக்கத் தெரியாம சீப்பும் கையுமா நின்ன கதையை எழுதியிருக்கீரே, அது எழுத்து. அதை ரெண்டு தரம் வாசிச்சேன். ரெண்டாந்தரம் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க வேண்டியதாப் போச்சு. கண்ணாடிதான் அழுக்கு, வேற ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு. இதை வெளையாட்டாச் சொல்லல. 58-ம் பக்கத்துல மூத்தவன் ஆறு வயசு வரைக்கும் பாயை நனைச்ச கதையைப் போட்டிருக்கீரு. அவன் இப்ப நாலாம் கிளாஸ். இன்னும் அஞ்சு வருசத்துல அவன் கூட்டாளி ஒருத்தன் அதை எடுத்துப் படிக்கத்தான் போறான். பொறவு பொண்ணு பாக்கப் போற வீட்டு அலமாரியில உம்ம புஸ்தகம் இருந்துச்சுன்னா பயல் நெலமை என்ன? இங்கிலாந்துல மில்ன்னு ஒரு எழுத்தாளர் 1926-ல ‘வின்னி த பூ’ எழுதினாரு. தன் மகன் பேரையே கதைக்குள்ள வச்சாரு. உலகமே கொண்டாடிச்சு. அந்தப் பையன் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனா, கூடப் படிக்கிற பயலுக அவன் பேரு வர்ற பாட்டுத்தட்டை விடாம ஓடவிட்டுக் கேலி பண்ணியிருக்கானுவ. அவன் பெரியாளாகி 1974-ல தானே ஒரு புஸ்தகம் போட்டு அந்த வயித்தெரிச்சலை எல்லாம் சொன்னான். உம்ம மவனும் நல்லா எழுதுதானாம், பாத்துக்கிடும். ரெண்டாம் பதிப்புல அந்தப் பாயைச் சுருட்டி உள்ள வச்சிரும்.

காசுக்காக எழுதினீருன்னு ஒருத்தனும் பழி போட முடியாது. விலை 250 ரூவா. முன்னெல்லாம் ஆயிரம் பிரதி அடிச்சுக் கட்டிலுக்கு அடியில அடுக்கி வப்பாங்க. இப்ப கேக்கக் கேக்க அடிக்கிற வசதி வந்ததுனால முந்நூறோட நிறுத்தியிருக்கீரு. அம்புட்டும் வித்தாலும் வழக்கமான பத்து சதவீத ராயல்டி 7,500 ரூவா. மூத்தவன் பள்ளிக்கூட வேனுக்கே காணாது.

விழாவுல வாழ்த்துரைக்கு வாரவங்கள்ல பாதிப்பேரு கார்ல வரும்போது பின்னட்டையைத்தான் வாசிச்சிருப்பாங்க. மனசுல வச்சுக்கிடாதேயும். பொன்னாடை போடுவாங்க, வாங்கிக்கிடும். தொட்டில் கட்டக்கூட ஆகாது, வழுக்கும். கடைசியில ஏற்புரை. எல்லாருக்கும் நன்றி சொல்லி, நேரமாச்சுன்னு ஒருத்தர் சைகை காட்டுன பொறவு ‘என் மனைவி மட்டும் இல்லையென்றால்’னு இழுக்கிறதுதான் எழுத்தாளர்கள் வழக்கம். அந்நேரம் அந்தம்மா விக்கிற மேசையில சில்லறை எண்ணிக்கிட்டு இருக்கும். நீரு மாத்திச் செய்யும்வே. வீட்டம்மாவை மேடையில உக்கார வச்சிட்டு, சில்லறையை நீரு எண்ணும். முதல் பிரதியை மாமியா கையில குடும். அவுக எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாக. தான் செஞ்சதை எல்லாம் மருமவன் செஞ்சதா எழுதியிருக்காருன்னு கண்டுபிடிக்க எப்படியும் ஒரு வருசம் ஆகும். அதுக்குள்ள ரெண்டாம் பதிப்பு வந்துரும், திருத்திக்கிடலாம்.

மத்தவுகளுக்கும் ஒண்ணு சொல்லிடுதேன். புஸ்தகத்தை ஓசி கேக்காதீங்க, நானே காசு குடுத்துத்தான் வாங்கினேன். முன்னுரையையும் ஏழு வழியையும் தள்ளிட்டு, தலை பின்னுன அத்தியாயத்துல இருந்து வாசிக்க ஆரம்பிங்க.